ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்

நமசிவாயத்தார் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். எந்த மதகைத் திறந்தால் எந்த வயல் நனையும், எந்த வாய்க்காலை அடைத்தால் எந்தக் கமக்காரன் அடிக்க வருவான் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்ட மனிதரை, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு விசிறி மூன்று மாதமாகப் பேய்க்காட்டிக்கொண்டிருந்தது.

அது ஒரு லப்டொப்பின் விசிறி. ரொறன்ரோவில் இருக்கும் மகள் அருந்ததி போன வருடம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், வந்துபோன ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடி பிளாட்டில், நமசிவாயத்தாரும் மனைவி கனகேஸ்வரியும் ஞாயிறுதோறும் பின்னேரம் ஆறரைக்கு அதன் முன்னால் போய் உட்காருவார்கள். அங்கே அருந்ததிக்குக் காலை ஒன்பது மணி. ஸ்கைப்பில் அவள் முகம் வரும். மடியில் பேத்தி வந்து ஏறுவாள், கையை ஆட்டுவாள். அந்த அளவில் விசிறி தொடங்கிவிடும். முதலில் ஒரு முனகல். பிறகு கேத்தில் கொதிக்கிற சத்தம். ஐந்து நிமிடத்தில் அரிசி ஆலை.

"அம்மா, என்ன சொல்லுறியள்? ஒண்டும் கேக்கேல்லை. பக்கத்தில மில் ஏதும் திறந்திருக்கினமோ?" என்பாள் அருந்ததி.

வெறும் சுகம் விசாரிப்பு என்றால் நமசிவாயத்தார் இத்தனை பாடு பட்டிருக்கமாட்டார். இருவரையும் கனடாவுக்கு எடுப்பதற்கு மகள் ஸ்பொன்சர் கடுதாசிகள் எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டாள். ஆவணி முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். தகப்பன் வருகிறேன் என்று நூறு தரம் ஓம் சொல்லிவிட்டார். அது போதாது என்றுவிட்டாள்.

"அம்மா தன்ர வாயால சொல்லவேணும் அப்பா. நான் அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கேக்கவேணும். பிறகு இஞ்ச வந்திருந்து ஒவ்வொரு நாளும் அழுதா என்னால தாங்கேலாது."

கனகேஸ்வரி மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. டெலிபோனில் கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை முகத்தைப் பாத்துச் சொல்லுறன் பிள்ளை" என்பாள். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறப்பாள், விசிறி அதை விழுங்கிவிடும். ஒரே ஒரு 'ஓம்'. அதற்கு வழிவிடாமல் ஒரு சின்னச் சாமான் குறுக்கே நின்றது.

நமசிவாயத்தாருக்குப் போகவேண்டும். அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. ஆமி வந்து வீடுவீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு நாட்களில் விடியப்புறம் சாரத்தோடு கீழே இறங்கி, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, அறுபத்துநாலு வயதில் அவருக்கு வெட்கமாக இருந்தது. பேத்தியை ஒருதரம் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது. இங்கே யாருக்காகக் காத்திருப்பது? மகன் தயாபரன் இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனவன். யாரோ அவனைப் பிடித்து ஒரு வெள்ளை வானுக்குள் ஏற்றியதைக் கண்டேன் என்றார் சந்திக் கடைக்காரர். இரண்டு நாள் கழித்து, தான் ஒன்றையும் காணவில்லை என்றார். இவர்கள் ஏறாத படி இல்லை, எழுதாத மனு இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. கனகேஸ்வரியும் இப்போது அவனைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆறிவிட்டாள் என்று நமசிவாயத்தார் நினைத்தார். ஆண்களுக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதி.

ஆகவே விசிறியை அடக்கவேண்டும். யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம். கடற்காற்றில் உப்புப் பிடித்திருக்கும் என்றார் கீழ்வீட்டு நவரத்தினம். வைரஸ் என்றார் பலசரக்குக் கடைக்காரர். காதில் மாட்டிக் கதைக்கும் மைக் வாங்கினால் சரி என்றார் ரியூசன் மாஸ்டர் ஒருவர். அதையும் வாங்கினார்கள். கனகேஸ்வரி ஒருநாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் காது குத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

கடைசியில், கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்தும் கொன்ஸ்ரன்ரைன் கைராசிக்காரன் என்று கேள்விப்பட்டு, லப்டொப்பைச் சீலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கோட்டைக்குக் கிட்ட பஸ்சை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறக்கச் சொன்னான் ஆமிக்காரன். திறந்தார். போட்டுக் காட்டச் சொன்னான். போட்டார். விசிறி ஒரு மூச்சு முழங்கிவிட்டு அடங்கியது. இரண்டு துவக்குகள் நிமிர்ந்தன.

"மே மொகத்த?" என்றான் ஒருவன். என்ன இது என்று கேட்கிறான்.

"ஃபேன் எக்க, மாத்தயா. ஃபேன் எக்க விதராய்." வெறும் விசிறிதான் ஐயா என்று சொன்ன நமசிவாயத்தாரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மற்றவன் குனிந்து பக்கத்துத் துவாரத்தில் காதை வைத்துக் கேட்டான். "தூவிலி எத்தி" என்றான். தூசியாக இருக்கும் என்பது அவனுடைய அபிப்பிராயம். போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பயத்தில் வியர்த்து ஒழுகிய மனிதருக்கு, ஊரில் எல்லோருக்கும் இந்த விசிறியைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது.

கொன்ஸ்ரன்ரைன் நாற்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் சிரிக்காத மனிதன். அடிப்பக்கத்தைக் கழற்றிப் பெயின்ற் பிரஷால் தூசியைத் தட்டினான். விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். சூட்டைக் கடத்துகிற பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினான். பிறகு ஒரு புரோகிராமைப் போட்டுத் திரையில் நாலு கோடுகளைக் காட்டினான்.

"இங்க பாருங்க சேர். சூடு கொறவா இருந்தா ஃபேன் மெதுவா சுத்தும். கொஞ்சம் ஏறினா கொஞ்சம் வேகம். எழுபத்தஞ்சு தாண்டினாத்தான் முழுசா ஓடும். முந்தி சும்மா சும்மா ஏறி எறங்கினதுதான் சத்தம்."

"இந்தக் கடைசிக் கோடு?"

"அது நாங்களே கையால கூட்டுறது. ஒரேயடியா மேல தள்ளினா சூடு இருந்தாலும் இல்லாட்டியும் முழு வேகம். அது உங்களுக்குத் தேவைப்படாது சேர்."

மதகு என்றால் நமசிவாயத்தாருக்கு விளங்கும். தண்ணீர் மட்டம் பார்த்துத் திறக்கிற மதகுதான் இது. சந்தோஷமாக வீடு வந்தார். திங்கள் சத்தமில்லை. செவ்வாய் சத்தமில்லை. கொப்பி ஒன்றில் கோடு போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் சூட்டைக் குறித்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்துநாலு. நவரத்தினத்தோடு ஒருமணி நேரம் ஸ்கைப்பில் கதைத்துப் பரீட்சித்தார். கொசு பறக்கிற சத்தம் கூட இல்லை. ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு அருந்ததி வந்தாள், பேத்தி கையை ஆட்டினாள், அரிசி ஆலை தொடங்கியது. தொண்ணூற்றொரு பாகை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்பார்களே, அது இதுதான். புதன்கிழமை கொன்ஸ்ரன்ரைனை வீட்டுக்கே கூப்பிட்டார். அவன் இரண்டு மணித்தியாலம் முன்னால் இருந்தான். லப்டொப் பச்சைப் பிள்ளை மாதிரி நித்திரை கொண்டது. அடுத்த ஞாயிறு திரும்பவும் ஆலை.

"மெஷின்ல கொறையில்ல சேர்" என்றான் கொன்ஸ்ரன்ரைன் டெலிபோனில். அவன் குரலிலும் முந்திய தைரியம் இல்லை. "அதுக்கு எங்கேயோ மூச்சு முட்டுது. ஞாயித்துக்கிழமையில அப்பிடி என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது? நமசிவாயத்தார் கொப்பியைப் புரட்டிப் புரட்டித் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஞாயிறு வெள்ளவத்தை முழுக்க வெளிநாட்டோடு கதைக்கிறது, அதனால் கரண்ட் குறைகிறதோ? பக்கத்து ரியூசன் வகுப்பில் ஞாயிறுதான் கூட்டம், அந்த வெக்கை சுவரால் வருகிறதோ? ஒருவேளை கனடா இணைப்புத்தான் கனமோ? சூட்டுக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் பஞ்சாங்கத்தைக் கூட ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் காணுமுன் வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடம் கணக்காக நடந்த உலகம் ஞாயிறு பின்னேரத்தில் மட்டும் கணக்கைக் கைவிட்டுவிட்டது. இந்த வயதில் புத்தி தடுமாறி, தனக்கு அறளை பெயர்ந்துவிட்டதோ என்று உண்மையாகவே பயந்தார்.

ஆவணியின் கடைசி ஞாயிறும் வந்தது. மத்தியானத்திலிருந்து காவல் இருப்பதுபோல் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தார். சூடு ஐம்பத்துமூன்று. ஆறு மணிக்குக் கனகேஸ்வரி, "இஞ்சேருங்கோ, பாண் இல்லை. கெதியாப் போட்டு வாங்கோ" என்றாள். ஞாயிறுதோறும் அந்த நேரத்துக்குத்தான் பாண் முடியும். சேட்டைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். முதலாம் மாடியில் பொக்கெற்றைத் தொட்டுப் பார்த்தார். அடையாள அட்டை இல்லை. அது இல்லாமல் பெருந்தெருவான காலி வீதியில் கால் வைத்தால் பாணும் வராது, ஆளும் வராது. திரும்பி ஏறினார். கதவு சும்மா சாத்திக் கிடந்தது.

கனகேஸ்வரி மேசைக்கு முன்னால் நின்றாள். அவருடைய குளிக்கிற துவாயை நாலாக மடித்து லப்டொப்பின் கீழே செருகினாள். ஒரு முனையைச் சுருட்டிப் பக்கத்துத் துவாரத்தில் விரலால் அமத்தினாள். துவாய் தெரியாதபடி சுற்றிவரத் தான் பூப்போட்டுத் தைத்த மேசைச்சீலையை விரித்து, சுருக்கம் எடுத்து, ஓரம் நேர்பார்த்தாள். அந்தச் சீலையை அவர் எல்லா ஞாயிறும் கண்டிருக்கிறார். மகள் முகம் காட்டுகிற பொருளுக்கு அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தார்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஆனால் ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. கோபப்படுவதா, வைத்தியரிடம் கூட்டிப்போவதா என்றும் விளங்கவில்லை.

"இவ்வளவு நாளும் நீரோ?"

கனகேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஓம்" என்றாள். தெளிவாக, ஒரு இரைச்சலும் இல்லாமல்.

"எனக்கு விளங்கேல்லை. போக விருப்பமில்லையெண்டா சொல்லுறதுதானே."

"எப்பிடிச் சொல்ல? அவள் அங்க கஷ்டப்பட்டுக் கடுதாசி எல்லாம் சரிப்படுத்தி வச்சிருக்கிறாள். நீங்களும் போகவேணும் எண்டு நாளை எண்ணுறியள். மாட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஓம் எண்டு சொல்லவும் வரேல்லை." அவள் கதவைப் பார்த்தாள். "தயாபரன் திறப்பைக் கொண்டு போனவன்."

"எந்தத் திறப்பு?"

"இந்த வீட்டுத் திறப்பு. பாண் வாங்கப் போகேக்க, நீங்கள் பூட்டிக்கொண்டு படுங்கோ அம்மா, நான் திறந்து வாறன் எண்டு கொண்டு போனவன். நாங்கள் போனா இந்த வீட்டுக்கு வேற ஆள் வரும். பூட்டை மாத்துவினம். அவன் வந்து திறப்பைப் போட்டுப் பாப்பான். திறக்காது."

போன வருடம் பூட்டு இறுகிப்போய், மாற்றுவோம் என்று அவர் சொன்னபோது, வேண்டாம் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றது நினைவுக்கு வந்தது. எண்ணெய் விட்டு விட்டு, பழைய சாவியாலேயே இழுத்தடித்த பூட்டு. அதற்கும் அவர் ஏதோ காரணம் நினைத்திருந்தார். நமசிவாயத்தார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கனகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துவாயை இழுத்தெடுத்தாள். "சரி விடுங்கோ. நான் இண்டைக்குச் சொல்லுறன். எல்லாருக்கும் அதுதான் நல்லது" என்று சீலையையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கடற்கரை ரயில் ஒன்று கூவிக்கொண்டு போய் முடிந்தது. ஆறரைக்கு லப்டொப் மணி அடித்தது.

அருந்ததி வந்தாள். பேத்தி கையை ஆட்டினாள். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. சத்தமே இல்லை.

"அப்பா, திருத்திப்போட்டியள் என்ன? நல்ல வடிவாக் கேக்குது." மகளின் முகம் மலர்ந்தது. "அம்மா, நாளைக்குக் கடுதாசி போஸ்ட் பண்ணவேணும். இப்ப சொல்லுங்கோ. வாறியள்தானே?"

கனகேஸ்வரியின் வாய் திறந்தது. அவள் கண் ஒருதரம் கதவுக்குப் போய் வந்தது. பேத்தி கண்ணாடியில் மூக்கை அமத்துவதுபோல் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். அந்த மூக்கை நமசிவாயத்தார் ஒரு கணம் ஆசைதீரப் பார்த்தார்.

பிறகு மௌசைப் பிடித்து, கொன்ஸ்ரன்ரைன் காட்டிய புரோகிராமைத் திறந்தார். கடைசிக் கோட்டை ஒரேயடியாக மேலே தள்ளினார்.

விசிறி எழும்பியது. சூடு ஐம்பத்துநாலு என்று திரை சொன்னது. அதற்கு மேலே ஆலை அரைத்தது. கனகேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அப்பா, திரும்பவும் பழுதாப் போச்சோ?" அருந்ததி கத்தினாள்.

"ஓம் பிள்ளை. இது சரிவராதாம்" என்று அவரும் கத்தினார். "எல்லாம் செய்து பாத்தாச்சு."

"அப்ப கடுதாசி? நாளைக்குக் கடைசி நாள் அப்பா. நான் என்ன செய்ய?"

முப்பத்தொரு வருட அரசாங்கச் சேவையில் ஒரு அளவைக் கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத நமசிவாயத்தார், கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"கேக்கேல்லை பிள்ளை" என்றார்.