கரண்ட் போன பிறகும்

மெஷின் விசிலடித்தது. மருதாசலம் பட்டனை அமுக்கி நிறுத்தினான். குனிந்து பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். சூடு இல்லை. பேரிங்குக்குக் காலையில்தான் எண்ணெய் விட்டிருந்தான். ஸ்டாண்டில் அடுக்கிய கோன்களிலிருந்து நூல்கள் விறைப்பாக இறங்கி ஊசி வட்டத்துக்குள் நின்றன, ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. கீழே துணி ரோல் பாதிக்கு மேல் பருத்திருந்தது. மறுபடியும் ஓடவிட்டான். மறுபடியும் அதே விசில். எங்கோ ஒரு வீட்டில் குக்கரை இறக்க மறந்துவிட்டதுபோல, மெல்லிசாக, விடாமல்.

வீரபாண்டியில் இருந்த அந்த நிட்டிங் கம்பெனியில் மருதாசலம் மீசை முளைத்த வயதில் சேர்ந்தவன். இப்போது மீசையில் வெள்ளை விழுந்துவிட்டது. நாலு மெஷின் அவன் பொறுப்பு. ஷெட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் கத்த வேண்டும். அப்படிப்பட்ட இரைச்சலிலும் ஒரு ஊசி உடைந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். இது அப்படிப்பட்ட சத்தமில்லை. எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடவில்லை.

மாஸ்டர் அந்தோணிராஜைக் கூட்டிவந்தான். அவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்டார். நாலு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு அவரை அவன் கூப்பிட்டது அது மூன்றாவது முறை. சாயங்காலம் ரோல்கள் சாயப்பட்டறைக்குப் போயாக வேண்டும்.

"இன்னொருக்கா நிறுத்துனீங்கன்னா ஆபீஸ்ல நாந்தானுங்க பதில் சொல்லோணும்" என்று அவன் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றித் தளர்ந்து நின்றன. மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடிகள் இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கின. காற்றில் மிதந்த பஞ்சு சாவகாசமாகக் கீழே இறங்கியது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கேன்டீனில் யாரோ டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. பக்கத்து மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ் கைகளைத் தூக்கிச் சோம்பல் முறித்தான். விருதுநகர் பக்கத்துப் பையன்; கல்யாணமாகி ஒரு வருசம்தான் ஆகிறது.

மருதாசலம் மெஷின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றான். விசில் நிற்கவில்லை. ஷெட் அடங்க அடங்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"முனீஸு, இந்த விசிலு எங்கிருந்து வருது?"

முனீஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டுப் பார்த்தான்.

"என்ன விசிலுண்ணே? ஒரு சத்தத்தையும் காணோமே."

மருதாசலம் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்தினான். பஸ் ஹாரன் மறைந்தது, டம்ளர் சத்தம் மறைந்தது. விசில் மட்டும் தனியாக, தெளிவாக நின்றது. 

அவன் மனைவி அபிராமி, குளிக்கும்போது காதில் தண்ணீர் போயிருக்கும் என்று முதலில் சொன்னாள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தாலும் கண் எதையாவது மேய்ந்து குறை தேடிக்கொண்டேயிருக்கும். பூண்டைத் தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். ஒரு வாரம் பார்த்தும் குறையவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஃபிரிட்ஜை அணைத்தான். அது இல்லையென்று தெரிந்ததும் ஃபேனை அணைத்தான். சோறு மென்றுகொண்டிருந்த மகள் தமிழ்மதி தட்டிலிருந்து நிமிர்ந்து அப்பாவையே பார்த்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படீங்க கேக்கும்?" என்ற அபிராமி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் காதை அவன் காதோடு ஒட்டி வைத்தாள். கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக் கேட்டாள்.

"என்னமோ குபுகுபுன்னு கேக்குதுங்க."

"அது உம்பட காதுச் சத்தம் புள்ள" என்றான் அவன்.

தாராபுரம் ரோட்டில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு இரும்புக் கவையைத் தட்டித் தலையின் மேல் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்டார். என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு பொறுமையாகவே விளக்கினார். காதின் உள்ளே முடி மாதிரி மெல்லிய நரம்புகள் இருக்கின்றன; பல வருசச் சத்தத்தில் அவை வாடிப்போய்விட்டன; வாடினது திரும்ப முளைக்காது. அந்த இடத்தில் மூளையே ஒரு சத்தத்தை வைத்துக்கொள்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, நாளாக ஆகப் பழகிவிடும், ரொம்ப அமைதியான இடத்தில் மட்டும் உட்காராதீர்கள், ரேடியோ மாதிரி ஏதாவது மெதுவாக ஓடட்டும் என்றார். ஆனால் பெரிய சத்தத்தில் இனிமேல் நிற்கவே கூடாது. நின்றால் இருக்கிற காதும் போய்விடும்.

"வேலைய மாத்திக்க முடியுங்களா?"

மருதாசலம் அபிராமியைப் பார்த்தான். அபிராமி மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தோணிராஜிடம் விசயத்தைச் சொல்லி, நூல் கோடவுனுக்கு மாற்றிவிடக் கேட்டான். அவர் அவனை ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறதாம். அதற்கு முன்னால் எல்லாருக்கும் காது டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க மருதாசலம். டெஸ்ட்ல ஏதாச்சும் வந்துருச்சுன்னா மெஷின்ல நிக்க உடமாட்டாங்க. கோடவுன்லயும் ஆளு இருக்குது. எப்படியாச்சும் தாண்டிருங்க."

மருதாசலம் மெதுவாக ஏதோ கேட்டான். அந்தோணிராஜ் முகத்தை ஒருக்களித்து வலது காதை நீட்டி, "என்னங்க?" என்றார். அவர் எப்போதும் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவார் என்பது அப்போதுதான் மருதாசலத்துக்கு உறைத்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினான்.

டெஸ்ட்டை ஆபீஸ் மாடியில் சாம்பிள் துணி வைக்கும் ஏசி ரூமில் வைத்தார்கள். வெளியே நடையில் வரிசையாக நின்றார்கள். முன்னால் போனவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வெறும் பட்டன் அமுக்குகிற வேலைதான் என்றார்கள்.  மருதாசலம் பின்னால் நின்ற முனீஸிடம் தண்ணி பாட்டில் வாங்கிக் குடித்தான்.

உள்ளே ஒரு இளம்பெண் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது. ஹெட்ஃபோன் காதை இறுக்கியது. விசில் வீறிட்டுக்கொண்டு கிளம்பியது. அமுக்கினான்.

அவள் நிமிர்ந்தாள். "அண்ணா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். இது பெட்டியின் விசிலா, தன் விசிலா என்று பிரித்துப் பார்க்க முயன்றான். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவளுக்குப் பின்னால் இருந்த பீரோக் கண்ணாடியில் அவள் விரல் அசைவது தெரிந்தது. விரல் தாழும்போதெல்லாம் அமுக்கினான். தாழ்ந்தது, அமுக்கினான். மறுபடி தாழ்ந்தது, அமுக்கினான். தாண்டிவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண் அவன் கண் போகும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியை நகர்த்திக் கண்ணாடியை மறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவன் எதையும் அமுக்கவில்லை. பட்டனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் எழுந்து வந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "எப்பெப்ப கேக்குதுங்கண்ணா?"

"எப்பவுமே கேக்குதுங்க" என்றான் மருதாசலம். சொன்னதும் உடம்பே லேசானது. கூடவே பயமும் வந்தது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் ராஜவேல் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். இத்தனை வருசத்தில் அந்த ரூமில் மருதாசலம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உடம்புதான் முக்கியம், வீட்டில் ரெஸ்ட் எடுங்கள், காது சரியானதும் வாருங்கள் என்றார் ராஜவேல்.

"அது செரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"அப்பறம் எப்படீங்க உங்கள மெஷின்ல நிறுத்தறது? பையர்காரன் எங்களத்தான கேப்பான்?"

"இந்த ஷெட்லதானுங்க வந்துச்சு."

ராஜவேல் கோபப்படவில்லை. "அதெப்படீங்க அப்படிச் சொல்றது? அதே ஷெட்லதான எல்லாரும் நிக்கறாங்க. வயசுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க" என்று சிரித்த முகமாகவே சொன்னார். டீயைக் குடிக்கச் சொல்லி மறுபடியும் கையைக் காட்டினார்.

கீழே வரும்போது முனீஸ் தன் மெஷின்களுக்கும் மருதாசலத்தின் மெஷின்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நின்று பேச அவனுக்கு நேரமில்லை.

வேலைக்குப் போகாதபோது வீட்டில் பகல் நேரம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது மருதாசலத்துக்குத் தெரியாது. லைன் வீடு, ஒரே அறை, பின்னால் சமையல். சுற்றிலும் எல்லாரும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். தமிழ்மதிக்குப் பொதுத்தேர்வு நெருங்கியிருந்தது. பள்ளியில் படிப்பதற்கு லீவு விட்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து முணுமுணுவென்று படிப்பாள். அவன் டிவியை மெதுவாக வைப்பான். விசில் அதைத் தாண்டிக்கொண்டு வரும். கொஞ்சம் கூட்டுவான். இன்னும் கொஞ்சம் கூட்டுவான்.

"அப்பா, கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா."

"செரி கண்ணு."

அணைத்துவிட்டு உட்காருவான். தாடை இறுகிவரும். ஒருநாள் அவள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிறுத்து என்று கத்திவிட்டான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாளா படிக்கிறாளா என்று அவனுக்குக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான்.

அதற்குப் பிறகு தினமும் காலையிலேயே கிளம்பிவிட்டான். வேலை தேடப் போகிறான் என்று அபிராமி நினைத்திருந்தாள். தேடவும் செய்தான். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் சேரும்போதே காது டெஸ்ட் கேட்டார்கள். கோடவுன் வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் அவனுக்கு முன்னாலேயே ஆள் நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் அபிராமி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, ஸ்டாப்பை ஒட்டிய மாவு மில்லில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மிளகாய் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு டப்பாக்களோடு நின்ற பெண்களுக்கு நடுவே, சுவரோரப் பெஞ்சில், கையில் ஒன்றுமில்லாமல் இருந்தான். சின்ன அறை அதிர மெஷின் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. அவன் தலை பின்னால் சாய்ந்திருந்தது. உறங்கிக்கொண்டிருந்தான். புருவத்திலும் மீசையிலும் மாவு படிந்திருந்தது. பல வாரங்களாக அவன் அப்படி உறங்கி அவள் பார்த்ததில்லை.

தோளைத் தொட்டு எழுப்பி, காதருகே குனிந்தாள். "ஏனுங்க, இங்க எதுக்குங்க உக்காந்திருக்கறீங்க?"

"இங்க வந்தா அது கேக்கறதில்ல புள்ள."

அவள் மில்காரரைப் பார்த்தாள். இவர் தினமும் வருகிறவர்தான் என்பதுபோல அவர் தலையசைத்தார். அபிராமி பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி டப்பாவை அரைத்து முடித்து மெஷினை நிறுத்தும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

முனீஸ்தான் போன் பண்ணினான். அருள்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஷெட். மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஓட்டிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் மட்டும் எடுக்கிறார்கள். பையரும் வரமாட்டான், டெஸ்ட்டும் கிடையாது. அபிராமி அன்று அடுப்படியை விட்டு வரவே இல்லை. டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவனும் ஞாபகம் இருக்கிறது என்றான். காலையில் அவள் தூக்குப்போசியில் சோறு கட்டி வைத்திருந்தாள். ஒரு பழைய பனியன் துணியைக் கிழித்து, காதில் அடைத்துக்கொள்ள இரண்டு உருண்டையாகச் சுருட்டி அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டாள்.

அந்த ஷெட் தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, தகரக் கதவு. பைக்கில் சாய்ந்து நின்ற ஓனர் முன்பு எங்கே வேலை பார்த்தான் என்று கேட்டார். பன்னெண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான். வேறு ஒன்றும் கேட்காமல் கதவைத் தள்ளிவிட்டார்.

சத்தம் வந்து முகத்தில் மோதியது. பழைய மெஷின்கள்; ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன; தகரம் அத்தனையையும் வாங்கித் திருப்பி அடித்தது. மருதாசலத்தின் காதுக்குள் இருந்த விசில் சட்டென்று அமிழ்ந்துபோனது. துளிகூட இல்லை. வாசலிலேயே நின்று ஒரு முறை மூச்சை இழுத்து விட்டான். தோள்கள் தாமாகவே இறங்கின. சட்டைப் பைக்குப் போன கை துணி உருண்டையைத் தொட்டுவிட்டு வெறுமனே திரும்பியது.

நரைத்த தலையோடு ஒருவர் அவனை நோக்கி வந்தார். வாயைத் திறக்கவில்லை. விரல்களைக் காட்டினார், நாலு; மூலையில் இருந்த மெஷின்களைக் காட்டினார். பிறகு தன் காதைத் தொட்டு, கேட்காது என்பதுபோல உள்ளங்கையை விரித்து ஆட்டினார். அவனுடைய காதைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினார். மருதாசலம் தலையசைத்தான். அவர் சிரித்து, அவன் முதுகில் தட்டினார்.

ஷெட்டுக்குள் பதினைந்து பேர் இருப்பார்கள். யாரும் யாருடைய காதிலும் கத்தவில்லை. மெஷின்களுக்கு மேலே, பஞ்சு பறக்கும் காற்றில், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்து பேசிக்கொண்டிருந்தன. தூரத்தில் நின்ற ஒருவன் புதியவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். மருதாசலமும் தூக்கினான்.