வளையக் கடைக்குப் போன கால்கள்

ஐயாக்கண்ணுவின் துணிப்பையில் இந்த வாரம் பவுடர் டப்பா கிடந்தபோது அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. போன வாரம் நகப்பூச்சு. அதற்கும் முன்னால் ரோஸ் நிற ஹேர்பேண்ட். இருபத்தெட்டு வருசத்தில் அவளுக்கு ஒரு கொண்டை ஊசி வாங்கித் தராத மனுசன்.

"ஏனுங்க, இதெல்லாம் யாருக்குங்க?"

"வழியில கெடந்துச்சு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். சேலத்து டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் நடுக்கம் அடங்கியது. போன தடவை மாத்திரையைக் கூட்டினார்கள். அதிலிருந்துதான் இந்தக் கூத்து. தினமும் சவரம், மத்தியானச் சோறு இறங்கியதும் ஏற்காட்டு பஸ்.

மறுநாள் அவர் கிளம்பியதும் அமுதவல்லி காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, தங்கள் ஊரான கொட்டச்சேட்டில் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். கடைவீதியில் தேடினாள், இல்லை. ஏரிப் பக்கம் வந்தபோது ஒரு பெண்குரல் கேட்டது: "வாங்கண்ணா, இன்னைக்கு ஏன் லேட்டு?"

அவள் கால் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணின் எதிரே ஐயாக்கண்ணு. கையில் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் வளையங்கள். தரையில் சோப்பு, பொம்மை, பவுடர் டப்பா வரிசை. பொருளைச் சுற்றி வளையம் விழுந்தால் பொருள் அவருக்கு.

வீசினார், தவறியது. மறுபடி வீசினார். பத்துக்கு மேல் தவறியும் அவர் முகம் சுண்டவே இல்லை. கடைசியில் ஒன்று சோப்பைச் சுற்றி விழுந்தபோது சாமி வந்தவர்போல் உடம்பு சிலிர்த்தது. இன்னொரு பெண் இருந்திருந்தால்கூட அமுதவல்லி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அமுதவல்லி போய் அவர் கையைப் பிடித்ததும் கடைக்காரி மோனிஷா, "கூட்டிட்டுப் போங்கக்கா. தோத்தது இவருக்கு ஒறைக்கவே மாட்டேங்குது" என்றாள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து அமுதவல்லி சொன்னாள்: "நான் வேற மாதிரி சந்தேகப்பட்டுட்டனுங்க."

"எனக்கே எம்மேல சந்தேகந்தான் புள்ள. போகக்கூடாதுன்னு நெனச்சுட்டேதான் பஸ் ஏறுவேன். கால் கேக்கறதில்ல."

அடுத்த வாரம் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "மாத்திரையாலதாம்மா. மூளையில டோபமின்னு ஒரு சுரப்பு. அதை வாங்கிக்கற ஏற்பிகள் வழியாத்தான் 'இது நல்லாருக்கு, மறுபடி செய்'னு மூளை கத்துக்குது. இந்த மாத்திரை நேரா அந்த ஏற்பிகளையே தூண்டுது. கை அடங்கும். ஆனா சிலருக்கு ஜெயிச்சது பெருசாத் தெரியும், தோத்தது பாடமாகவே ஏறாது. கெட்ட புத்தி இல்லம்மா இது. சட்டுனு நிறுத்தக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்போம்."

"கை மறுபடி ஆடுங்களா?" என்றார் ஐயாக்கண்ணு.

"கொஞ்சம் ஆடலாம்."

அவர் அமுதவல்லியைப் பார்த்துவிட்டு, "ஆடட்டுங்க" என்றார்.

இரண்டு மாதத்தில் ஏற்காட்டுப் பஸ்ஸின் ஹாரன் கேட்டாலும் அவர் எழுந்திருப்பதில்லை. டம்ளர் பிடிக்கும்போது மட்டும் காப்பி தளும்பும். ஆனாலும் அவர் வெளியே போய்த் திரும்ப அரைமணி பிந்தினால் அமுதவல்லிக்கு மனசு திக்கென்கிறது. இப்போதெல்லாம் அவள் பையைத் துழாவுவதில்லை, நேராகவே கேட்டுவிடுகிறாள். அவரும் முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்கிறார்.