வெயில் நாளில் மாட்டிய குடை

1

இந்தக் கதை ஒரு கரண்டியில் தொடங்கியது. நான்கு நாளுக்கு முன், கரண்டி இடம் மாறிக் கிடந்ததற்காகப் பதினாறு வயது மகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பத்தாவது நிமிடம் அவள் அறைக் கதவு முன்னால் நின்று அழுதேன். இருபதாவது நிமிடம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முட்டை பொரித்தேன்.

"நீ திட்டினதுகூடப் பரவாயில்லம்மா. அப்புறம் பாடின பாரு, அதுதான் பயமா இருந்துச்சு," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தைராய்டு கொஞ்சம் ஏறி இறங்குது. வயசும் நாப்பத்தெட்டு, மாதவிடாய் நிக்கப்போற நேரம். தூக்கமும் இல்லங்கறீங்க. எது எவ்வளவு காரணம்னு தெரியணும்னா ஒரு நோட்டு போடுங்க. எத்தனை மணிக்குக் கோபம் வந்துச்சு, முன்னாடி என்ன நடந்துச்சு, சாப்டீங்களா, தூங்கினீங்களா. அவ்வளவுதான். கதை எழுதிடாதீங்க."

கதை எழுதுகிறவளிடம் போய் என்ன சொல்கிறார் பாருங்கள்!

2

முதல் தொடக்கம்: "அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஊருக்கெல்லாம் பார்வை தந்தவளுக்குத் தன்னை மட்டும்—"

வேண்டாம். எழுதும்போதே பல் கூசுகிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பது மட்டும் நிஜம். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கடைசி வரியைப் படித்து முடித்து, "அட!" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், தன் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

நோட்டில் எழுதினேன்: செவ்வாய், பதினொன்றரை. முன்னால் நடந்தது: "அட."

இரண்டாவது தொடக்கம்: "என் அம்மாவுக்கும் இப்படித்தான்."

இது இருக்கட்டும்.

3

அப்போது எங்கள் வீடு இரண்டாம் மாடியில். அம்மா சட்டை தைக்கும் ஆலையில் காலர் பிரிவு. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கே வந்துவிடுவாள். அடுத்து வருவது நான். உள்ளே நுழைந்ததும் பாத்திரச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். மெதுவாக வைத்தால் வெயில். நங்கென்று வைத்தால் இடி. இடி என்றால், தெருப்பக்கச் சன்னல் கம்பியில் கறுப்புக் குடையை மாட்டுவேன்.

அண்ணன் தெருவிலிருந்தே அண்ணாந்து பார்ப்பான். குடை தெரிந்தால் பந்து ஆடப் போய்விடுவான். அப்பாவுக்கும் இந்த ரகசியத்தில் பங்கு உண்டு. அவர் தெருமுனை சலூனில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். (அவர் தலையில் வெட்ட ஒன்றும் கிடையாது. சலூன்காரர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. நல்ல மனிதர்.)

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஐந்தரைக்கு இடி ஓய்ந்துவிடும். அம்மா என்னைக் கூப்பிட்டு, தலையை மடியில் வைத்துச் சிக்கெடுப்பாள். அவள் உடையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நூல் துணுக்குகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். திட்டு வாங்கியதற்குக் கூலி மாதிரி, அந்த மடி முழுக்க எனக்கு மட்டும். இந்த வயதிலும் அதற்கு மனசு ஏங்குகிறது.

குடைக் கதையை மகளுக்கும் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் "சலூன் தாத்தா கதை சொல்லு" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவை வெறும் பாத்திரச் சத்தமாக எழுதிவிட்டேனோ?

அன்றைக்கு அவளுக்கு நாற்பத்தாறு வயது. டாக்டரம்மாவின் நோட்டில் அவளுக்காக ஒரு பக்கம் ஒதுக்கினேன். தூக்கம்: நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். சாப்பாடு: ஆலையில் நின்றபடி. மாதவிடாய்: தெரியாது. தைராய்டு: அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. முன்னால் என்ன நடந்தது:

அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. அவள் கோபத்தைத் தெருவிலிருந்தே கண்டுபிடிப்பதில் நாங்கள் மூன்று பேரும் படு கெட்டிக்காரர்கள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கத்தான் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவள் இல்லை.

5

காலிக் கட்டத்தை நிரப்ப அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"குடை ஞாபகம் இருக்காண்ணா?"

"மறக்குமா? உன் புண்ணியத்துலதானே பந்து ஆடவே கத்துக்கிட்டேன்!" சிரித்தான். பிறகு சட்டென்று குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லவா? சித்திக்குக் குழந்தை பொறந்தப்போ நீ ஒரு வாரம் அங்க போய் இருந்தியே..."

"ஆமா."

"அந்த வாரமும் ஒரு நாள் சன்னல்ல குடை தொங்குச்சு. நான் வழக்கம்போல ஆடப் போயிட்டேன். அப்பா சலூனுக்கு. ஏழு மணிக்கு ரெண்டு பேரும் மேல போனா, அம்மா மேசையில மூணு தட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கா. திட்டல. ஒரு வார்த்தை பேசல. எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுது."

"என்னது?"

"நீதான் வீட்லயே இல்லியே. அப்புறம் குடைய யாரு மாட்டினது?"

[இங்கே நான் எழுதியது: "அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் அன்று குடையை எடுத்து—" மேலே எழுத முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

'எனக்கு முடியல, இன்னைக்குக் கிட்ட வராதீங்க' என்று மாட்டினாளா? 'எனக்கு முடியல, சீக்கிரம் வாங்க' என்று மாட்டினாளா? முதலாவதுதான் என்கிறான் அண்ணன். அப்படி நினைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அந்த மூன்று தட்டு என்னை விடமாட்டேன் என்கிறது.

6

முடிவு ஒன்று: மாத்திரை வேலை செய்கிறது. இந்த மூன்று நாள் நோட்டிலேயே பாதிக் கோபம் மதியம் சாப்பிடாத நேரத்தில். மகளும் தாயும் சிரிக்கிறார்கள். டாக்டரம்மாவுக்குப் பிடிக்கும். மாத்திரையும் மதியச் சாப்பாடும் உண்மை. அதற்குள் மாத்திரை வேலை செய்வதும் சிரிப்பும் நான் சேர்த்தது.

முடிவு இரண்டு: தாய் உருக்கமாக மன்னிப்புக் கேட்க, மகள் ஓடி வந்து—

சும்மா இரு. பதினாறு வயதுப் பெண் ஓடியெல்லாம் வரமாட்டாள்.

இப்போது மாலை நாலே கால். வெளியே நல்ல வெயில். இன்று எனக்கு விடுமுறை. காலையிலிருந்தே உள்ளே கடுகடுவென்று இருக்கிறது. நோட்டில் எழுதினேன்: தூக்கம் மூன்று மணி நேரம். சாப்பாடு இல்லை. முன்னால் நடந்தது: நான்கு நாளாக மகள் பேசவில்லை.

பிறகு எழுந்து, மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். குடையை எடுத்து வெளிக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

படியில் அவள் காலடி கேட்கிறது. கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. சாவி திரும்பவில்லை. கீழே இறங்கும் சத்தமும் இல்லை.

எந்த அர்த்தத்தில் மாட்டினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பேனாவை வைக்கிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.