சொல்லியாச்சு

எங்கள் அலுவலகத்தில் ‘விருந்தாளி’ என்றால் ஆள் இல்லை. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் வாடகைக்குக் குடியிருக்கும், மென்பொருளாலேயே ஆன பல பொய் இயந்திரங்களில் ஒன்று. விருந்தாளி கண் விழித்ததும் பிராசஸரிடம் கேட்கும் முதல் கேள்வி, உனக்கு என்னென்ன தெரியும் என்பது. பதிலைப் பிராசஸர் நேராகச் சொல்வதில்லை, நடுவில் நிற்கும் நாங்கள் சொல்கிறோம். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் பாதியை, அடியில் இருந்து விருந்தாளிகளைத் தாங்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் முடிவு செய்யும். மீதியை மேலே ஓடும் எங்கள் மென்பொருள். அந்தப் பாதி எங்கே முடிகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சண்டையே அதுதான்.

ஹைப்பர்வைசர் பக்கத்துத் தலைவரைக் கீழ்வீட்டுக்காரர் என்போம். எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம்” என்பார். யார் பார்ப்பது என்பது அந்தச் சொல்லில் இருக்காது. சென்ற மாதம் ஒரு விருந்தாளியைப் புது இயந்திரத்திலிருந்து பழையதற்கு மாற்றினோம். புதியதில் இருந்த ஒரு திறன் பழையதில் இல்லை. அதை முதலிலேயே மறைத்திருக்க வேண்டும். கீழே மறைப்பார்கள் என்று மேலே விட்டோம், மேலே மறைப்பார்கள் என்று கீழே விட்டார்கள். இருக்கிறது என்று நம்பி விருந்தாளி அதன்மேல் கால் வைத்தது. விழுந்தது.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். “கீழ இருக்கறவங்க எது முடியும், எது முடியாதுன்னு எங்ககிட்ட சொல்லட்டும். விருந்தாளிக்குப் போற பதில் முழுசையும் ஒரே இடத்துல, மேல எழுதறோம். நாங்க எழுதாதது எதுவும் விருந்தாளிக்குக் கிடையாது. முடியாததை எழுதிட்டா கீழ தடுங்க. ஆனா சத்தமில்லாம திருத்தாதீங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லுங்க.”

“பொண்ணு சூடா இருக்கு. ஃபேனைப் போடுங்கப்பா” என்றார் கீழ்வீட்டுக்காரர்.

“ஃபேன் போடறது மேல்வீட்டு வேலையா கீழ்வீட்டு வேலையான்னு முடிவு பண்ணிட்டுப் போடுங்க சார்.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

என் வேலையை அப்பாவுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தேன். அவர் சரக்குக் கிடங்கில் லாரிகளைப் பின்னால் எடுக்கக் குரல் கொடுப்பவர். “வரலாம், வரலாம், ஒடிச்சு வா, போதும்” என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப மெஷினுக்குப் பொய் சொல்றதுக்கா பாப்பா உனக்குச் சம்பளம்?” என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேலியைச் சொல்லிச் சொல்லியே கிடங்கு முழுக்கப் பெருமையடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும், பிறகு இந்தக் குரல் திரும்பாது என்று மருத்துவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அப்பாவிடம், “சின்னக் கட்டிதாம்ப்பா, சுரண்டி எடுத்துடுவாங்க” என்றான்.

“அது அவரு குரல். போகப்போகுதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா ஆளு உடைஞ்சுடுவாருடி” என்றாள் அம்மா.

“நாலு எழுத்து படிச்ச திமிர்ல பேசாத” என்றான் அண்ணன்.

“நாலு எழுத்து படிச்சதாலதான் மெதுவா பேசறேன்.”

எனக்கு வேண்டியது ஒன்றுதான். தெரிந்துகொண்டபின் அவருக்கு ஒரு சாயங்காலமாவது கிடைக்க வேண்டும். யாரைத் திட்ட வேண்டுமோ திட்டட்டும், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், அழட்டும். எதுவானாலும் தன் குரலில். கத்திக் கத்திக் கடைசியில் அண்ணன் இறங்கிவந்தான். “டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்றேன். அவரு சொன்னாத்தான் அப்பா தாங்குவாரு.”

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அலுவலகத்திலிருந்து அவனை அழைத்தேன். “சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேசவில்லை. கட்டில் ஓரத்தைக் காட்டி உட்காரச் சொன்னார். செய்தி அவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, நோண்டக் கூடாது என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று விரட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோனபின், வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். “அப்பா முழிச்சதும் நீயே சொல்லிடு. உனக்குத்தான் பேச வரும்.”

“என்னத்தைச் சொல்ல?”

“குரலைப் பத்திதான்.”

“டாக்டர் சொல்லியாச்சுன்னியே.”

“டாக்டர்கிட்ட சொல்லியாச்சுன்னேன். நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்கன்னு போன வாரமே அவருகிட்ட சொல்லியாச்சு. கையெழுத்து வாங்கறப்ப அவரும் சொல்லியாச்சான்னு கேட்டாரு. அம்மாகிட்டயும் உங்கிட்டயும் சொல்லியாச்சான்னு கேக்கறாருன்னு நினைச்சு, ஆச்சுன்னேன்.”

அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். யார், யாரிடம், எதை என்ற மூன்றும் இல்லாமல் நம் மொழியில் ஒரு வினைச்சொல் வெட்கமில்லாமல் தனியாக நிற்கும். அலுவலகமாக இருந்திருந்தால் மூன்றையும் கேட்காமல் விட்டிருக்க மாட்டேன்.

“நேத்து அவரு பேசவே இல்லையே” என்றேன்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னாள். “நர்சு தொண்டைக்கு ஓய்வு குடுங்கன்னு சொல்லுச்சுடி. அதான் பேசல. எல்லாம் முடிஞ்சு வந்து பேசிக்கறேன்னு காலையில எங்கிட்ட சொன்னாரு.”

நான் அண்ணனை அடிக்கவில்லை. கையை ஓங்கினேன், அவன் ஒதுங்காமல் நின்றான். அப்படி நின்றவனை அடிக்க முடியவில்லை.

அப்பா கண் திறந்தபோது மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். கழுத்தில் ஒரு குழாய். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையைத் தூக்கித் தடவிப் பார்த்தார். மறுபடி முயன்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உதடுகள் மீண்டும் அசைந்தன. இந்த முறை நீளமாக, ஏதோ ஒரு முழு வாக்கியம்.

“வலிக்குதாப்பா?” இல்லை என்று தலையசைத்தார்.

“நர்சைக் கூப்பிடவா?” என்றான் அண்ணன். இல்லை.

“வீட்டைப் பூட்டிட்டுத்தாங்க வந்தேன்” என்றாள் அம்மா. இல்லை.

அதே வாக்கியத்தை இன்னும் மெதுவாக, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் வாயசைத்தார். நான் குனிந்து அவர் வாயருகே காதைக் கொண்டுபோனேன். காதுக்கு அங்கே என்ன வேலை. நிமிர்ந்து, வேறு எதுவும் தோன்றாமல், “குளிருதாப்பா?” என்று கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆமாம் என்று தலையசைத்தார்.

அவர் நெற்றி வேர்த்திருந்தது. நான் போர்வையை எடுத்து மார்புவரை போர்த்திவிட்டேன்.