பெர்முடாவை நம்பிய ஞாயிறு

பெர்முடா என்றால் திருப்பூரில் அரைக்கால் டவுசர். எத்தனை ஆயிரம் தைத்திருப்போம்! அந்தப் பெயரில் ஒரு நாடு இருப்பதும், அதற்கு ஒரு கிரிக்கெட் டீம் இருப்பதும் 2007 மார்ச்சில், உலகக் கோப்பை நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெர்முடா வங்கதேசத்தைத் தோற்கடித்தால்தான் இந்தியா போட்டியில் நீடிக்கும். இந்தியா நீடித்தால்தான் எங்கள் ஷெட்டில் குவிந்து கிடந்த நீலப் பனியன்கள் விலைபோகும்.

என் வீட்டுக்காரர் குகன் காலையிலிருந்து உட்காரவே இல்லை. வாசலுக்கும் டிவிக்கும் நடந்து நடந்து என் தலையைச் சுற்ற வைத்துவிட்டார். போட்டி தொடங்கியபோது எண்பது ரூபாய்க்குக் கேட்டவர்களிடம், "இன்னும் ஏறுமுங்க" என்று மார்தட்டிய மனிதர். இந்தியா இரண்டு ஆட்டம் தோற்றது. அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை.

எனக்கு வேறு கவலை. மறுநாள் காலை ஒரு கம்பெனியிலிருந்து குழந்தைகள் பைஜாமா தைக்கத் துணி வருகிறது. இரண்டு மாத வேலை. ஷெட் காலியாக இருந்தால்தான் இறக்குவார்கள். இல்லையென்றால் பக்கத்துத் தெரு லிங்கசாமிக்குப் போய்விடும். இங்கேயோ கால் வைக்க இடமில்லை.

மத்தியானம் எங்கள் ஊர் ராயபுரத்து வியாபாரி கன்னையன் வந்தார். ஒரு பனியனை விரித்து, நெஞ்சில் 'இந்தியா' என்றிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"முப்பது ரூவான்னா எடுத்துக்கறேன் அம்மணி."

"அடக்க வெலையே அம்பதுங்க!" என்று குகன் பாய்ந்தார். "ராத்திரி பெர்முடா ஜெயிச்சா நாளைக்கு நூறுக்குப் போகும்!"

"ஜெயிக்கும்னு நம்பித்தானுங்க நானும் எடுக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, போட்ட அம்பது போட்டதுதானுங்க. வாங்கறவன் உங்க அடக்கத்தைக் கேட்டா வாங்கறான்? நாளைக்குத் துணி இறங்க இடம் வேணுமா, வேண்டாமா?"

"ஒரு ராத்திரி பொறு சித்ரா."

"பொறுத்தா பைஜாமாவை லிங்கசாமி தைப்பாரு. நாம வேடிக்கை பாக்கலாமுங்க."

பதிலுக்குக் காத்திராமல் முதல் மூட்டையை நானே கன்னையனின் டெம்போவில் ஏற்றினேன். குகன் செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று வெளியே போனார்.

ஷெட்டைக் கூட்டி முடித்தேன். ஒருவேளை பெர்முடா ஜெயித்துவிட்டால்? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே! சாயங்காலம் டிவியைப் போட்டால், ஆட்டம் நடக்கும் வெஸ்ட் இண்டீஸில் மழை. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் போய், "முருகா, பெர்முடா தோக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். இந்தியா வெளியே போகட்டும் என்று கும்பிட்டவள் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பெர்முடா தோற்றது. காலையில் பைஜாமா துணி வந்து இறங்கியது. அப்பாடா என்று மிஷினில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. குகன் குதித்து இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் அதே நீல மூட்டைகள்!

"முப்பதுக்குக் குடுத்ததை எட்டுக்கு வாங்கிட்டேன் சித்ரா! கன்னையன் அழுவாத குறை. வாங்கறவன் அடக்கத்தைக் கேக்கமாட்டான்னு நீதானே சொன்னே?"

"அடப்பாவி மனுசா! இதை எங்கீங்க வெப்பீங்க?"

"நம்ம ஊட்டுல."

இப்போது கட்டிலில் மூட்டைகள் படுத்திருக்கின்றன, நாங்கள் இருவரும் தரையில். செப்டம்பரில் இருபது ஓவர் ஆட்டத்துக்கென்று இன்னொரு உலகக் கோப்பை இருக்கிறதாம். தினமும் விளக்கேற்றும்போது நானும் மறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்: முருகா, இந்தத் தடவை இந்தியாவே ஜெயிக்கட்டும்.