மதராசுக்குக் கேட்காத ஓலை

பாளையங்கோட்டைக் குருமனைக் கூடத்தில் குருவானவர் வேதநாயகம் மேசைக்குப் பின்னால் இருந்தார். வக்கீல் சிவசண்முகம் பிள்ளை எதிர் நாற்காலியில், வாத்தியார் மாசிலாமணி பெஞ்சில். போன மாதம் வாத்தியாரை மறுகலியாணம் செய்த அன்னப்பாக்கியம் சுவரோரப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கைவிட்டு இலங்கையில் இன்னொருத்தியோடு குடியிருந்த முதல் புருஷனிடமிருந்து ஜில்லா ஜட்ஜு விவாகரத்து கொடுத்திருந்தார். அதோடு எல்லாம் முடிந்தது என்றே இருந்துவிட்டார்கள். இப்போது அவன் ஊருக்கு வந்து, பிராது கொடுப்பேன் என்கிறான்.

“மூணு ஞாயிறு கோயில்ல கலியாண ஓலை வாசிச்சாங்களே. ஒருத்தரும் தடை சொல்லலையே,” என்றாள்.

“இங்கன வாசிச்ச ஓலை மதராசுக்குக் கேக்குமாம்மா?” என்றார் வக்கீல். “ ஜட்ஜு தீர்ப்பை மதராசு ஹைகோர்ட் உறுதி பண்ணணும். அதுக்குப் பொறவும் ஆறு மாசம் பொறுக்கணும். அதுக்கு முந்தி நடந்த இந்தக் கலியாணம் செல்லாது. பிராது வந்தா ஜெயிலுதான். இப்பவே பிரிஞ்சி இருந்தா கோர்ட்டு கொஞ்சம் இரங்கும்.”

“எனக்கும் தெரியாமப் போச்சு,” என்றார் குருவானவர், யாரையும் பாராமல்.

அவளை அழைத்துப்போகச் சொல்லி, அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்கு மாசிலாமணி எழுதத் தொடங்கினார். ‘என் மனைவி’ என்று வந்த இடத்தில் வக்கீல் கையைப் பிடித்தார்.

“அப்படி எழுதாதேயும் வே. அதுவே சாட்சியாயிரும்.”

வாத்தியார் அந்த இரண்டு சொல்லையும் அடித்தார்.

“தங்கள் தங்கைன்னு எழுதுங்க,” என்றாள் அவள். “அதுக்காவது மதராசுல கேக்க வேண்டாமே.”

அவர் அப்படியே எழுதி முடித்தார். அவளே பசை தடவி உறையை ஒட்டி, தபாலாபீஸ் வழியாகப் போகிற வக்கீலிடம் கொடுத்தாள்.