காரம் கலக்காத இறைச்சி

பன்றியை விறகுத் தணலில் வாட்டிப் பரிமாறுகிற ஸ்பைவி கடை வாசலில் 'இறைச்சி தீர்ந்தது' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சாவு வீட்டுக்காரர்கள் காலையிலேயே முழுப் பன்றியையும் வாங்கிப் போய்விட்டார்களாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் கதவைச் சாத்தினால் மனுஷி எங்கே போவாள்? எனக்குப் பசி வந்தால் கண்மண் தெரியாது.

"வீட்டுக்குப் போயிடலாம் மாவிஸ். நான் முட்டை பொரிச்சுத் தர்றேன்" என்றான் என் புருஷன் எல்வுட்.

"முட்டை திங்கவா தலை சீவிட்டு வந்தேன்? ஜெர்னிகன் கடைக்கு விடு வண்டிய."

அவன் முகம் வெளுத்துவிட்டது. வெளுக்காதா பின்னே? எங்கள் ஊரில் சர்ச் மாறியவர்களைக்கூட மன்னித்துவிடுவோம், பன்றிக்கடை மாறியவர்களை மன்னிப்பதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஸ்பைவி, அந்தப் பக்கத்துக்கு ஜெர்னிகன். நானே அறுபது வயதில் இப்போதுதான் முதல்முறையாக அந்தப் படியை மிதிக்கப்போகிறேன். "உன் விசுவாசத்தப் பாத்து ஸ்பைவி சிலை வெக்கப்போறான்" என்று அவனைக் கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

எல்வுட் இப்படி ஊமையாகிப் போனது மகள் ரமோனா போன பிறகுதான். நான்கு வருடத்துக்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோர்ட்டில் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு மகளே இல்லை என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவளும் என் மகள்தானே, அதற்குப்பின் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அதிலிருந்து எல்வுட் வியாழன்தோறும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறான். ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை. துக்கத்தைக் கரைக்கப் போகிறான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெர்னிகன் கடையில் ஓக் விறகுப் புகை வாசலிலேயே வந்து மூக்கைப் பிடித்தது. உள்ளே பலகையில் இரண்டு கத்திகள் இறைச்சியைக் கொத்தும் சத்தம். மனசில்லாமல்தான் ஒப்புக்கொள்கிறேன், நல்ல மணம். எல்வுட் தொப்பியைக் கழற்றாமல் மூலையைப் பார்த்து உட்கார்ந்தான். பரிமாறுகிற பெண் வாண்டா, சட்டையில் பேர் தைத்திருந்தது, தூரத்திலிருந்தே கையாட்டினாள்.

"என்ன ராசா, ஒரு நாள் தள்ளி வந்திருக்கே? நேத்து மழையா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தான் எல்வுட். நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு முன்னால் தட்டு வந்துவிட்டது. மொறுமொறு தோல் கூடுதலாக, முட்டைக்கோஸ் குறைவாக, சோள ரொட்டியின் ஓரத்துண்டு. முப்பத்தைந்து வருடம் நான் அவனுக்கு எடுத்து வைக்கிற அதே கணக்கு. அவன் ருசி தெரிந்த எவளோ ஒருத்தி அவனோடு இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று என் ரத்தம் கொதித்தது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தை வைத்துக்கொண்டு!

அடுத்து அவள் ஒரு சின்ன சாசரை வைத்தாள்.

அதில் வெளிறிய இறைச்சி, பூப்போலப் பிய்த்தது. ஒரு மிளகாய்த் துணுக்குகூட இல்லை. எங்கள் வட்டாரத்தில் கொத்தும்போதே வினிகரும் மிளகாயும் ஊற்றிக் கலந்துவிடுவார்கள். காரமில்லாமல் வேண்டுமென்றால் கலப்பதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும். பல் முளைக்கிற குழந்தைக்குத்தான் அப்படி எடுத்து வைப்பார்கள். ரமோனாவுக்கு ஸ்பைவி கடையில் எடுத்து வைத்தார்கள், நான் ஊட்டினேன்.

வாண்டா உயரமான குழந்தை நாற்காலி ஒன்றை இழுத்து வந்து மேசையோரம் போட்டாள். "ரமோனாவும் குட்டியும் வண்டிய நிறுத்திட்டு வர்றாங்களா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு அக்காவா?"

மீன் பிடிக்கவில்லை, மகளைப் பார்க்கத்தான் போயிருக்கிறான். எத்தனை வியாழக்கிழமைகள்! ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம், என் அடுப்படியிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

"அவங்க வரல வாண்டா" என்றான் எல்வுட். அவள் போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "அடுத்த மாசம் ரெண்டு வயசு முடியுது. பொண்ணு. உன்னாட்டமே பிடிவாதம்."

நான் சாசரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டேன். புகையும் உப்பும் மட்டும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் பழி போட மிளகாய்கூட இல்லை.

"வீட்டுக்குப் போயிடலாமா மாவிஸ்?"

வாண்டா திரும்பி வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். "அப்ப இத எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

நாற்காலியின் பலகையில் சோள ரொட்டித் துகள் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது, போன வியாழக்கிழமையதோ, வேறு யாருடையதோ. அதை நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.